சோறு இறங்க மறுக்கும்போது

நம் இல்லங்களில் நிகழக்கூடிய ஒரு காட்சியை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டுகிறேன். வீட்டிலுள்ள பெரியவர், தாயாரோ மாமியாரோ, ஒருநாள் இரவு, "எனக்குச் சப்பாத்தி வேண்டாம், தொண்டையில் நிற்கிறது" என்கிறார். சப்பாத்தி போய்ச் சோறு வருகிறது. சில வாரங்கள் சென்றதும், "சோற்றை ரசம் விட்டுக் குழையப் பிசைந்து கொடு" என்கிறார். அதற்கும் பின்னர்க் கஞ்சி. பிறகு, "வயதாகிவிட்டது, பசியே இல்லை" என்று ஒரு டம்ளர் பாலோடு படுத்துக்கொள்கிறார். வீட்டார் அதனை முதுமையின் இயல்பென்று எண்ணி அமைதியடைகின்றனர். அவ்வம்மையார் மருத்துவமனைக்குச் செல்லும் நாளில், முதன்முதல் சப்பாத்தி நின்ற இரவு கழிந்து நான்கைந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

சேலம், தருமபுரி, வேலூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பெங்களூர் வந்து குடியேறிய குடும்பங்களில் இந்த ஆபத்து இன்னும் சற்று மிகுதி. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். ஊரிலிருந்து வந்த தாயார் நண்பகலில் தனியே உண்கிறார். அவர் தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு மீந்தது என்பதைக் காண்பார் இல்லை. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாதே என்று அவரும் வாய் திறப்பதில்லை. ஆகவேதான் உணவுக்குழாயின் நோய்களைப் பற்றியும், அவற்றிற்கு இன்று கிடைக்கும் சிகிச்சைகளைப் பற்றியும் இவ்விதழில் எடுத்துரைக்க முற்பட்டேன்.

பத்து அங்குலக் குழாய்

உணவுக்குழாய் என்பது தொண்டையின் அடியில் தொடங்கி, மூச்சுக்குழலுக்குப் பின்புறமாக மார்பின் வழியே இறங்கி, வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் துளைத்துச் சென்று இரைப்பையில் முடிவது. வளர்ந்தவருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அதாவது பத்து அங்குலம். உணவு அதனுள் கிணற்றில் விழும் கல்லைப்போல விழுவதில்லை. குழாயின் தசைகள் அலையலையாகச் சுருங்கி அதனைக் கீழே தள்ளுகின்றன. தலைகீழாக நிற்பவன் விழுங்கினும் உணவு இரைப்பையைச் சேர்வது இதனாலேயே. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தசை வளையங்கள் கதவுகள்போல் அமைந்துள்ளன. கீழ்க்கதவு விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொண்டு, இரைப்பையிலுள்ள அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிறது.

இக்குழாய் நன்கு விரிந்து கொடுக்கும் தன்மையுடையது. இத்தன்மை உண்பதற்கு வரம். நோயைக் கண்டறிவதற்கோ தடை. உள்ளே கட்டியோ தழும்போ வளர்ந்து வழியைப் பெரிதும் குறுக்கிய பின்னரே கெட்டியான உணவு நிற்கத் தொடங்கும். அந்நிலையிலும் நாம் உணவைக் குழைத்தும் கரைத்தும் கொடுத்தால், நோய் தன் வருகையை அறிவிக்கும் ஒரே குரலையும் நாமே அடக்கிவிட்டவர்களாகிறோம்.

வாள் விழுங்கியும் வைத்தியரும்

மார்புக்குள் மறைந்து கிடக்கும் இக்குழாயை உயிரோடிருப்பவரிடம் கண்ணால் காண்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. 1868-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்து அடால்ப் குஸ்மால் என்னும் மருத்துவப் பேராசிரியர், வாளை விழுங்கிக் காட்டும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு அதனைச் சாதித்தார். வாள் செல்லும் வழியில் குழலும் செல்லுமன்றோ? வளையாத உலோகக் குழல் ஒன்றை அவர் தொண்டை வழியே செலுத்தி உள்ளே பார்த்தார். ஆயினும் எல்லோரும் வாள் விழுங்கிகள் அல்லர். 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர், ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைகளாலான வளையும் கருவியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய பின்னரே இச்சோதனை எளியோருக்கும் உரியதாயிற்று.

இன்று எண்டாஸ்கோப்பி என வழங்கும் சோதனை அதன் வழித்தோன்றலே. நோயாளி சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடிருந்து வரவேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, நுனியில் நுண்ணிய காமிரா பொருந்திய மெல்லிய குழலை உட்செலுத்துவர். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஐயத்திற்குரிய இடத்தில் அரிசி மணியளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவர். சதையைக் கிள்ளினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மவரிடையே உண்டு. அந்த அச்சத்திற்கு ஆதாரமில்லை. கிள்ளிப் பார்க்காமல் நோய் இன்னதென்று துணிவதற்கும் வழியில்லை.

நெஞ்செரிச்சல்

உணவுக்குழாய் நோய்களில் மிகப் பரவலானது, இரைப்பை அமிலம் மேலேறி வருவதால் உண்டாகும் நெஞ்செரிச்சல். கீழ்க்கதவு தளர்ந்தவர்களுக்கும், உடற்பருமன் மிக்கவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் இது வரக்கூடும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, வயிறு நிறைய உண்டு, உடனே படுக்கையில் சாய்வது இந்நகர வாழ்க்கையில் வழக்கமாகிவிட்டது. படுத்தவுடன் அமிலம் மேலே வழிவதில் வியப்பென்ன? உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தல், கட்டிலின் தலைமாட்டுக் கால்களின்கீழ் மரக்கட்டை வைத்து அரையடி உயர்த்துதல், இடப்புறமாகப் படுத்தல், உடல் எடையைக் குறைத்தல், புகைபிடித்தலை நிறுத்துதல் ஆகிய இவை செலவில்லாச் சிகிச்சைகள். இவற்றிற்கும் அடங்காவிடில், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரஸோல், பாண்டப்ரஸோல் முதலிய மாத்திரைகள் உண்டு. அவற்றை உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் உட்கொள்வதே முறை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஒன்று: இம்மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் பலர். எரிச்சல் தணிவதால் நோய் தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். அமிலம் பல்லாண்டு பட்ட இடத்தில் புண்ணும், தழும்பும், சிலருக்குப் புற்றுக்கு முந்திய மாறுதலும் தோன்றுவதுண்டு. கஞ்சியைப் போலவே மாத்திரையும் நோயை மறைக்கும் திரையாகலாம். மற்றொன்று: நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இவை தோன்றினால் 'வாயுத் தொல்லை' என்று சோடா குடித்துக் காத்திருத்தல் ஆகாது. அது மாரடைப்பாக இருக்கலாம். முதலில் இருதயத்தைச் சோதித்த பின்னரே உணவுக்குழாயைப் பற்றி நினைக்க வேண்டும்.

திறவாத கதவு

சிலருக்குக் குழாயின் கீழ்க்கதவு விழுங்கும்போதும் திறவாது. தள்ளும் அலைகளும் ஓய்ந்துவிடும். 'அகலேசியா' எனப்படும் இந்நோயில் தொடக்கத்திலிருந்தே சோறும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். இரவில் படுத்தால், உண்டது புளிப்பின்றி அப்படியே வாய்க்கு வரும். இளைஞருக்கும் இது வருமாதலால் 'மனக்கவலை' என்று பெயர் சூட்டி, ஆண்டுக்கணக்கில் வீணே அலைய நேர்வதுண்டு.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர், இத்தகைய நோயாளி ஒருவருக்குத் திமிங்கிலத்திலிருந்து கிடைத்த எலும்புக் கோலின் நுனியில் பஞ்சைக் கட்டிக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு வேளையும் உண்டபின் அக்கோலால் உணவை இரைப்பைக்குள் தாமே தள்ளிக்கொண்டு 15 ஆண்டுகள் வாழ்ந்தாராம்! 1913-இல் ஜெர்மனியில் எர்னெஸ்ட் ஹெல்லர் அக்கதவுத் தசையைக் கீறித் தளர்த்தும் ரண சிகிச்சையைச் செய்தார். இன்று அதனையே வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்கின்றனர். பலூனை உட்செலுத்தி ஊதி விரிப்பதும் உண்டு. 2008-இல் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே, வெளியே ஒரு கீறலுமின்றி எண்டாஸ்கோப்பிக் குழல் வழியாகவே அத்தசையை அறுக்கும் முறையைத் தொடங்கினார். அம்முறை இந்தியாவிலும் பரவியுள்ளது.

முள்ளும் அமிலமும்

மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டையை விழுங்குவது நம் வீடுகளில் கைவழி வந்த வைத்தியம். சில வேளை முள் இறங்குவதும் மெய்யே. ஆயினும் உருண்டை முள்ளை மேலும் ஆழமாகக் குத்தவைத்துக் குழாயைத் துளைத்துவிடவும் கூடும். வலி நீடித்தாலோ, எச்சிலையும் விழுங்க இயலாமற் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்க. குழந்தை கடிகாரங்களிலும் பொம்மைகளிலும் உள்ள பொத்தான் வடிவ பாட்டரியை விழுங்கியிருந்தால் ஒரு நிமிடமும் தாழ்த்தலாகாது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே சதையை அரித்துவிட வல்லது.

கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை. குழந்தையோ, இருட்டில் தாகத்தோடு எழுந்த பெரியவரோ அதனைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாதீர். உப்புநீரோ எலுமிச்சைச் சாறோ புகட்டாதீர். வாயைக் கொப்புளிக்கச் செய்து, அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். உயிர் பிழைத்தோருக்கும் வாரங்கள் சென்றபின் தழும்பு இறுகி வழி அடைபடக்கூடும். அதனைப் படிப்படியாகப் பருமனேறும் குழல்களால் பல தடவை விரிக்க வேண்டியிருக்கும். எட்டாத அலமாரியில், உரிய புட்டியிலேயே அமிலத்தை வைத்திருந்தால் இத்துயரம் முழுவதும் தவிர்ந்திருக்கும்.

மாத்திரைகளும் குழாயைப் புண்படுத்துவதுண்டு. இரும்புச்சத்து மாத்திரையையும் டாக்ஸிசைக்கிளினையும் படுத்தபடி ஒரு மிடறு நீரோடு விழுங்காமல், உட்கார்ந்து ஒரு டம்ளர் நீர் முழுவதும் பருகுக. நெடுநாள் சோகையுற்ற பெண்மணிகளுக்குக் குழாயின் மேற்பகுதியில் மெல்லிய திரைபோன்ற சவ்வு வளர்ந்து விழுங்கல் தடைப்படுவதும் உண்டு. இரும்புச்சத்து அளிப்பதாலும் வழியை விரிப்பதாலும் இது குணமாகும். கவனியாது விட்டால் சிலருக்குப் புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம்.

பச்சிளங் குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். சில குழந்தைகள் உணவுக்குழாய் இடையில் அறுபட்ட நிலையிலேயே பிறக்கின்றன. வாயில் ஓயாது நுரை தள்ளுவது அதன் அறிகுறி. அக்குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைநீர் தொட்டு வைத்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். பிறந்த சில நாட்களிலேயே குழாயை இணைக்கும் ரண சிகிச்சை 1941-இல் அமெரிக்காவில் காமரன் ஹைட் என்பவரால் முதன்முதல் வெற்றி பெற்றது. இன்று குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனைகளில் நடைபெறுகிறது.

பெங்களூரின் பதிவேடு சொல்வது

இனி, எல்லாவற்றினும் கொடியதாகிய புற்றுநோயைப் பார்ப்போம். நம் நகரில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1973-இல் தோன்றியது. பெங்களூரில் யாருக்கு எவ்வுறுப்பில் புற்றுநோய் கண்டது என்னும் கணக்கு, மும்பை, சென்னை நகரங்களுடன் சேர்த்து, 1982 முதல் தேசியப் பதிவேட்டில் எழுதப்பட்டு வருகிறது. அப்பதிவேட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆண்களிடையேயும் பெண்களிடையேயும் முன்வரிசையில் இடம்பெற்று வந்திருக்கிறது. ஆகவே இது எங்கோ அயல்நாட்டாருக்கு வரும் அபூர்வ நோய் அன்று. நம் தெருவிலும் வரக்கூடியது.

காரணங்கள் பெரும்பாலும் வாய் வழியே செல்பவை. புகையிலை முதலாவது, மது இரண்டாவது. இரண்டும் கூடினால் தீமை பன்மடங்கு. மூன்றாவது பாக்கு. புகையிலை கலவாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு தீர்மானித்தது. இந்தியாவிலேயே மிகுதியாகப் பாக்கு விளையும் மாநிலத்தில் வாழும் நாம், தாம்பூலத்தை மங்கலமாகப் போற்றும் நாம், இதனைக் கேட்க வருந்துவோம். விழாவில் தட்டில் வைத்து வழங்கும் மரியாதை வேறு, நாளெல்லாம் கன்னத்தில் அடக்கி மெல்லும் பழக்கம் வேறு என்று பிரித்தறிவது நலம். கர்நாடகத்தில் குட்கா 2013-இல் தடைசெய்யப்பட்ட பின்னரும், பாக்குத்தூளையும் புகையிலையையும் தனித்தனிப் பொட்டலங்களாக வாங்கிக் கலந்துகொள்வோர் உளர். தீமை பொட்டலத்தைப் பிரித்ததனால் பிரிந்துவிடுமோ?

நான்காவது, கொதிக்கக் கொதிக்கப் பருகுதல். 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டோடு பருகும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று அதே நிறுவனம் 2016-இல் கூறிற்று. குற்றம் சூட்டினுடையது, காப்பியினுடையது அன்று. ஆதலால் காப்பிப் பிரியர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. டபராவில் இரண்டு தடவை ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கமே. சந்திக் கடையில் சிறு கண்ணாடிக் குவளையில் 'பை-டூ' வாங்கி, அவசரத்தில் அப்படியே தொண்டையில் ஊற்றிக்கொள்வதே விலக்கத்தக்கது.

சிகிச்சை கண்ட வெற்றி

1913-இல் நியூயார்க் நகரில் பிரான்ஸ் டோரெக் என்னும் ரண வைத்தியர், 67 வயது மூதாட்டி ஒருவரின் மார்பிலிருந்து புற்று கண்ட உணவுக்குழாயை அகற்றி வெற்றி கண்டார். குழாயை மறுபடி இணைக்கும் வழி அக்காலத்தில் இல்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைத்து உடம்பின் வெளியே தொங்கும் ஒரு ரப்பர்க் குழல். அக்குழல் வழியே உண்டு அம்மூதாட்டியார் 13 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். இன்றோ, நோயுற்ற பகுதியை நீக்கி, இரைப்பையையே குழாய்போல் அமைத்து மேலே உயர்த்தி, மார்பிலோ கழுத்திலோ இணைத்துவிடுகின்றனர். நோயாளி வாய்வழியே உண்கிறார்.

இம்முன்னேற்றத்தில் தமிழ் மருத்துவர்களுக்கும் பங்குண்டு. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இரைப்பை, குடல் ரண சிகிச்சைக்கெனத் தனித்துறை கண்டவர் பேராசிரியர் ந. ரங்கபாஷ்யம். கோவை டாக்டர் சி. பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியே உணவுக்குழாயைப் பிரித்தெடுக்கும் முறையில் 130 நோயாளிகளிடம் கண்ட அனுபவத்தை 2006-இல் உலக மருத்துவர்கள்முன் வைத்தார். இளமையில் குடும்பத்தோடு மலேசியாவில் பாடுபட்டுப் பின்னர்த் தாயகம் திரும்பி மருத்துவம் கற்றவர் அவர். குடிபெயர்ந்து வாழும் நமக்கு இச்செய்தி பெருமிதம் தருவதன்றோ?

நோய் மேற்படலத்திலேயே இருந்தால் எண்டாஸ்கோப்பி வழியாகவே சுரண்டி நீக்கிவிடலாம். சற்று ஆழ்ந்திருந்தால் முதலில் மருந்தும் கதிரியக்கமும் கொடுத்துப் பின் ரண சிகிச்சை செய்வர். இவ்வாறு செய்யும்போது ரண சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட நீண்ட நாள் வாழ்கின்றனர் என்பதை நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2012-இல் காட்டிற்று. ரண சிகிச்சைக்கு உடல் இடந்தராதவர்க்கு மருந்தும் கதிரியக்கமுமே சிகிச்சை. முற்றிய நோயிலும் கைவிட வேண்டியதில்லை. அடைபட்ட இடத்தில் தானே விரியும் கம்பிவலைக் குழலை வைத்து, நீரும் மென்மையான உணவும் இறங்கச் செய்யலாம். எத்தனை நுட்பமான சிகிச்சை இருந்தாலும் அதன் பயன் நோயாளி எந்த நிலையில் வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தது. சப்பாத்தி நின்ற மாதத்தில் வருபவர்க்குத் திறந்திருக்கும் வழிகள், தண்ணீரும் நின்ற மாதத்தில் வருபவர்க்குத் திறந்திருப்பதில்லை.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

மருத்துவமனைக்குச் செல்லுமுன் இவற்றைக் குறித்துக்கொள்க: எந்த நாள் முதல் தடை? முதலில் நின்றது சோறா, தண்ணீருமா? நாளுக்கு நாள் மிகுகிறதா, வந்து வந்து போகிறதா? எடை எவ்வளவு குறைந்தது? குரல் கம்மியதா? தண்ணீர் குடித்தவுடன் இருமல் வருகிறதா? இக்கடைசி அறிகுறி பக்கவாதத்தால் தொண்டைத் தசைகள் தளர்ந்ததைக் காட்டுவதாகவும் இருக்கலாம். எந்த வயதினராயினும், விழுங்குவதில் தடை நிலைத்திருந்தால் தாமதமின்றி எண்டாஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.

கன்னடம் அறியாத பெரியவர்கள் மொழிக்கு அஞ்ச வேண்டாம். 'நுங்கலு ஆகுத்தில்ல' என்றால் விழுங்க முடியவில்லை என்று பொருள். நுங்குதல் என்பது விழுங்குதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லுமாகும். உணவுக்குழாயைக் கன்னடத்தார் 'அன்னநாள' என்பர். நோயின் வாயிலில் இரு மொழிகளும் உடன்பிறந்தார் போல் நிற்கின்றன. ரேஷன் கார்டையும் ஆதாரையும் மறவாது எடுத்துச் செல்க. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் 'ஆரோக்கிய மித்ரா' என்னும் உதவியாளர் இருப்பார். கார்டு இன்னும் ஊர் விலாசத்திலேயே இருப்பினும், தக்க உதவி எத்திட்டத்தில் கிடைக்கும் என்பதை அவரிடம் கேட்டறியலாம்.

முடிவாக, பரிமாறும் கைகளுக்கு ஒரு விண்ணப்பம். நம் வீட்டில் நோயை முதலில் அறியத்தக்கவர் வைத்தியர் அல்லர், அன்றாடம் இலையிடுபவரே. வாரத்தில் ஒரு வேளையேனும் பெரியவர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். அவர் ஒரு கவளத்திற்கு ஒரு மிடறு நீர் குடிக்கிறாரா, நெஞ்சைத் தடவிக்கொள்கிறாரா என்று பாருங்கள். "கஞ்சியே போதும் அம்மா" என்று அவர் சொன்னால் கஞ்சியைக் கொடுங்கள், பசித்திருக்க விடாதீர்கள். ஆனால் மறுநாட்காலை அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.